முதல் சீட்டு அம்மனுக்கு

போன வாரம் கணேசனைப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். மண்டையில் தையல், வலது கையில் மூன்று விரல் இல்லை, நினைவும் திரும்பவில்லை. உப்பங்கழிக் கரையில் இருட்டில் அவனை வெட்டிப் போட்டுவிட்டு, அவன் போனையும் எடுத்துக்கொண்டு போனவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வேலங்குப்பம் முடிவு பண்ணிவிட்டது. ஊருக்கென்ன, தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிடும்.

ஏரிமேட்டு அன்புசெல்வன்தான் என்பது முடிவு. பொன்னேரிக்குப் பக்கத்தில் சொந்தமாக நெல் போடுகிற குடும்பம். அவன் தங்கச்சி அருணாவும் மீன்பிடிக்கிற வீட்டுக் கணேசனும் கல்யாணம் பண்ணிக்கொள்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். நிலம் வைத்திருக்கிறவனுக்கு ரோஷம் வராதா, அவன்தான் வெட்டியிருப்பான். குப்பத்துக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

கணேசனின் அக்கா புவனேஸ்வரிக்கும் தேவைப்படவில்லை. அதனால்தான் இன்றைக்கு மத்தியானம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டுகிற அந்தக் கம்பெனியின் கேன்டீனில், அருணா எதிரே வந்து நின்று வாயைத் திறந்ததும், கையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் திருப்பி விளிம்பாலேயே அவள் முகத்தில் அடித்தாள்.

"கணேசனுக்கு எப்டிக்கா..." என்றுதான் அருணா ஆரம்பித்திருந்தாள்.

சோறும் சாம்பாரும் சுவரில் தெறித்தன. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. புவனேஸ்வரி அதோடு விட்டாளா? பின்னலைப் பிடித்து இழுத்து, மேஜை விளிம்பில் ஒரு மோது மோதினாள். இரண்டாவது மோதுக்குள் மற்றப் பெண்கள் வந்து பிரித்தார்கள்.

"உங்கண்ணன் வெட்டுவான், நீ வந்து நலம் விசாரிப்பியா? இன்னா நெஞ்சழுத்தம்டி ஒனக்கு."

"எங்கண்ணன் வெட்டலக்கா. அன்னிக்கு ராத்திரி முழுக்க அறுப்பு மெஷின்காரனோட நெல்லு மூட்ட ஏத்திக்கினு இருந்தான்."

"யாரு சொன்னது?"

"அவன்தான் சொன்னான்."

"அவன் சொன்னானாம், இவ நம்பினாளாம்."

அருணா திருப்பி அடிக்கவில்லை. துப்பட்டாவைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு அங்கேயே தரையில் குந்தினாள். இரண்டு பேரும் ஒரே லைனில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவர்கள். கணேசன் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு வந்து கொடுத்த சாக்கில்தான் அருணாவைப் பார்த்ததே. அந்தக் கதை நமக்குத் தெரியும்.

அப்போதுதான் புவனேஸ்வரியின் போன் அடித்தது. பெரியண்ணன் லோகநாதன்.

"புவனா, கோட்டைய தொற. கணேசன் பேர்ல பச்ச லைட்டு எரியுது பாரு."

"இன்னாணா சொல்ற?"

"அவன் போன வச்சிக்கினு அந்த நாயி ஆடிக்கினு கீது. ஏரிமேட்டான். தம்பி ஒடம்புல ஈரம் காயல, அதுக்குள்ள சீட்டாட்டம் கேக்குது அவனுக்கு. நான் கரையில கீறேன். பசங்க வண்டி எடுத்துக்கினு வந்ததும் கெளம்புறோம். வயல்லயே வச்சு முடிச்சுடுவோம்."

"முடிச்சுடுவோம்னா?"

"முடிச்சுடுவோம்னா முடிச்சுடுவோம்தான். நாளைக்கு போலீஸு கேட்டா, லைட்டு எரிஞ்சத நானும் பாத்தேன்னு நீ சொல்லு. அது போதும்."

புவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நல்லா வெட்டட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை.

கைகழுவுகிற தொட்டிக்குப் பின்னால் போய் நின்று போனில் கோட்டையைத் திறந்தாள். 'கோட்டை' ஒரு சீட்டு விளையாட்டு. காசு கீசு கிடையாது, வெறும் கௌரவம். ஆளுக்கு ஒரு கட்டு, ஆளுக்கு ஒரு கோட்டை. கட்டிலிருந்து வீரர்களை இறக்கி எதிராளி கோட்டையை இடித்தால் ஜெயம். வேலங்குப்பத்துப் பையன்கள் பாதிப் பேர் இதே வேலையாகத்தான் இருந்தார்கள். அதில் கணேசன் ராஜா. அவன் பேருக்குப் பக்கத்தில் தங்கக் கிரீடம் இருக்கும்.

கிரீடம் இருந்தது. பக்கத்தில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் செருகிக் கிடக்கிற தம்பியின் பேர், ஜம்மென்று ஆட்டத்துக்குத் தயாராக நின்றது.

'ஆட வர்றியா' என்ற பொத்தானை அழுத்தினாள். வெட்டினவன் கூட ஒரு ஆட்டம். அவன் தைரியத்தைப் பார்த்துவிடலாம்.

உடனே ஒத்துக்கொண்டான். மூன்று சிரிப்பு பொம்மைகளையும் அனுப்பினான். ஆட்டம் தொடங்குமுன் மூன்று சிரிப்பு அனுப்புவது அன்புசெல்வனின் பழக்கம். கணேசனோடு சிநேகமாக இருந்த காலத்தில் அவன் புவனேஸ்வரியோடும் ஆடியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் இந்த மூன்று சிரிப்பு வரும்.

"சிரிக்கிறியாடா பாவி," என்றாள் வாய்விட்டு.

ஆட்டம் தொடங்கினால் ஆளுக்கு நாலு சீட்டு வரும். பிடிக்காத ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம். திருப்புகிற சீட்டை எதிராளியும் பார்க்கலாம். அவன் திருப்பினான். செங்குதிரை.

புவனேஸ்வரி புருவத்தைச் சுருக்கினாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால் கோட்டையில் யானைக் கட்டுதான் ஜெயிக்கும். சீட்டைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, அடி வாங்கிக்கொண்டே காத்திருந்து, கடைசியில் யானைகளை வரிசையாக இறக்கி எதிராளியை நசுக்க வேண்டும். பொறுமைசாலியின் ஆட்டம். போன வருஷம் கம்பெனிக்காரன் யானையின் பலத்தைக் குறைத்துவிட்டான். அதிலிருந்து குதிரைக் கட்டின் காலம். முதல் சுற்றிலேயே ஏறி அடிக்க வேண்டும், யோசிக்கிறவன் செத்தான். கணேசன் அந்த வாரமே குதிரைக்கு மாறிவிட்டான். "முன்ன எப்டி ஜெயிச்சோம்ன்றத மறந்துடுக்கா," என்பான். "சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணு, இந்த ஆட்டத்துல நீ அடிக்கிறவளா, தாங்குறவளா. அத்த தப்பா முடிவு பண்ணவன் கையில எந்தச் சீட்டு இருந்தாலும் வேஸ்ட்டு."

இப்போது அந்தப் போனில் இருப்பது கணேசனின் குதிரைக் கட்டு. குதிரைக் கட்டுக்காரனுக்கு முதல் கையில் செங்குதிரை வந்தால் அது லட்டு. அதைத் திருப்புகிறவன் உலகத்தில் கிடையாது. அதுவும் அன்புசெல்வன். அவனுக்குப் பொறுமை என்ற வார்த்தையே தெரியாது. கையில் ஒரு சீட்டை வைத்திருக்க மாட்டான், வந்தது வந்தபடி வீசி அடிப்பான்.

விரல் தவறியிருக்கும் என்று நினைத்தாள்.

ஆனால் அடுத்த சுற்றுகளும் சரியாக இல்லை. ஏறி அடிக்க வேண்டிய குதிரைகளை நிறுத்தி வைத்தான். கையில் சீட்டு சேர்த்தான். புதுக் கட்டை வைத்துக்கொண்டு பழைய ஆட்டம் ஆடினான். யானை வரும் வரும் என்று காத்திருக்கிறவன் மாதிரி, யானையே இல்லாத கட்டில் காத்திருந்தான். புவனேஸ்வரி சுலபமாக ஜெயித்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி மூன்று சிரிப்பு. நாலு சீட்டு வந்தது. திருப்பினான்.

கொடிச்சிப்பாய். அதுவும் நல்ல சீட்டு, யாரும் திருப்பாத சீட்டு. போன தடவையும் இடது ஓரம், இந்தத் தடவையும் இடது ஓரம். முதலில் வந்த சீட்டு.

புவனேஸ்வரி தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுப் படகில் ஒரு வழக்கம் உண்டு. அவள் நைனா காலத்திலிருந்து வருவது. தங்கள் பாட்டில், அதாவது ஊர் கூடி முறைவைத்து அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய தண்ணீரில், வலையை இழுத்ததும் முதலில் கைக்கு வருகிற மீன் அம்மனுக்கு. கொடுவாவாக இருந்தாலும் சரி, கால் விரல் நீள இறாலாக இருந்தாலும் சரி, திருப்பித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நல்லது பொல்லாதது பார்க்கக் கூடாது. ஏரிமேட்டு நெல்லுக்காரனுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் செய்ய மாட்டான்.

அப்படியானால் இது குப்பத்து ஆள்.

குப்பத்தில் படகில் மீனை விடுகிறவர்கள் உண்டு. ஆனால் போனில் சீட்டைக்கூட அம்மனுக்கு விடுகிறவன் ஒருத்தன்தான். "அம்மனுக்குச் சீட்டு எதுக்குணா, அம்மன் இன்னா கோட்டை ஆடப் போவுதா?" என்று கணேசன் கிண்டல் பண்ணிச் சிரித்துச் சிரித்து, அந்த ஆளுக்குக் கோபம் வந்து போனைத் தூக்கி அடித்திருக்கிறார். ஒரு தடவைகூடத் தம்பியை ஜெயித்ததில்லை அவர்.

"இல்ல," என்றாள் புவனேஸ்வரி. "இருக்காது. வேற யாரோ."

மனசு அப்படித்தான், கண் முன்னால் கிடப்பதைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அவள் அழவில்லை. வேறு ஒரு காரியம் செய்தாள். தன் வீரர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கோட்டையைத் திறந்து போட்டாள். அவன் தயங்கித் தயங்கி அடித்தான். கோட்டை சரிந்து சரிந்து, இன்னும் ஒரு அடி விழுந்தால் தீர்ந்தது என்ற இடத்துக்கு வந்தது. எதிரே மூன்று குதிரைகள் நிற்கின்றன. தடுக்க ஒரு ஆள் இல்லை. பச்சைப் பிள்ளைகூட விரலை வைத்து முடித்துவிடும். அன்புசெல்வன் என்றால் முடித்துவிட்டு மூன்று சிரிப்பு அனுப்புவான்.

'முடி,' என்று கெஞ்சினாள் அவள். தான் தோற்க வேண்டும் என்று ஒருத்தி அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. 'அடிச்சு முடிடா.'

குதிரைகள் நின்றுகொண்டே இருந்தன. நேரக் கோடு தேய்ந்து தீர்ந்தது. அடிக்காமலே சுற்றை விட்டான். அடுத்த சுற்றையும் விட்டான்.

கூடப் பிறந்தவளை ஜெயித்தால் வலையில் மீன் ஏறாது என்பார் பெரியண்ணன். தாயமோ, சோழியோ, போனோ, புவனா தோற்கிற இடம் வந்தால் அவர் கையை எடுத்துக்கொண்டுவிடுவார். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் 'எதிராளி விலகினார்' என்று வந்தது. பச்சை விளக்கு அணைந்தது. அந்த மூன்று சிரிப்பும் அன்புசெல்வன் மாதிரித் தெரியப் போட்ட வேஷம்.

தங்கச்சியைச் சீட்டில்கூட அடிக்காத லோகநாதன், தம்பி கையில் மூன்று விரலை எடுத்திருக்கிறான். இப்போது இன்னொருத்தனையும் எடுக்கப் போகிறான். அவனுக்கு இனி 'அவர்' என்ன வேண்டிக் கிடக்கிறது.

புவனேஸ்வரி தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைக்கூடத் துடைக்காமல் கேன்டீனுக்கு ஓடினாள். அருணா புருவத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள்.

"உங்கண்ணன் இல்லடி."

"பின்ன யாரு?"

புவனேஸ்வரிக்குப் பேர் வாயில் வரவில்லை. "வண்டி சாவிய எடு. எங்காளுங்க ஏரிமேட்டுக்குக் கெளம்பிட்டாங்க. கத்தி எடுத்துக்கினு போறாங்க."

அருணா அடுத்த கேள்வி கேட்கவில்லை. கெட்டிக்காரி.

ஜி.என்.டி. ரோட்டில் ஸ்கூட்டியை அருணா ஓட்டின ஓட்டத்தை லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் பாராட்டினார்கள். பின்னால் உட்கார்ந்து புவனேஸ்வரி போன் போட்டாள். லோகநாதன் எடுக்கவில்லை. அன்புசெல்வன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அறுவடை மெஷின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? போலீசுக்குச் சொன்னாள். அனுப்புகிறோம் என்றார்கள். கவரைப்பேட்டையில் ரயில்வே கேட்டு மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போயிற்று, முடிவே இல்லாமல்.

"யாருக்கா அது?" என்றாள் அருணா, திரும்பாமலே. "எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"லோகு அண்ணன்."

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போனதும் அருணா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பிறகு சொன்னாள். "எங்கண்ணனுக்கு எதுனா ஆச்சுன்னா, ஒன்ன உட மாட்டேங்கா."

"உடாத," என்றாள் புவனேஸ்வரி. மனசாரத்தான் சொன்னாள்.

இவர்கள் ஏரிமேட்டு வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மெஷின் நின்றிருந்தது. மெஷின்காரன் எங்கேயோ ஓடிவிட்டான். வரப்பு மேல் மீன் ஏற்றுகிற மினி லாரி ஒன்று சாய்ந்து நின்றது. அறுத்த தாளடியில் ஆறேழு பேர் வட்டமாக. துடுப்பு, இரும்புக் குழாய், நங்கூரக் கயிறு, ஆளுக்கு ஒன்று கையில்.

நடுவில் அன்புசெல்வன். முகம் இருந்த இடத்தில் சேறும் ரத்தமும்தான் இருந்தது. ஒரு கண் மூடிப் போயிருந்தது. கால் ஒன்று கோணலாகக் கிடந்தது. குப்பத்துத் துளசிராமன் அவன் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி, வாயிலேயே முழங்காலால் ஒரு இடி இடித்தான். பல் ஒன்று வந்து சேற்றில் விழுந்தது.

"எங்க பையன் கையில மூணு எடுத்த. ஒங்கிட்ட அஞ்சும் எடுத்துட்டுத்தான் தலைக்கு வருவோம்."

"நான் இல்லண்ணா... போன நான் பாக்கவே..."

பேச்சு முடியவில்லை, இரும்புக் குழாய் விலாவில் இறங்கியது. அவன் வலது கையை இழுத்து மோட்டார் கொட்டகைக் கல்லின் மேல் வைத்து இருவர் மிதித்துக்கொண்டார்கள். லோகநாதன் கத்தியோடு முன்னால் வந்தான். மீன் தலை வாங்குகிற கத்தி. முகத்தில் அவசரமே இல்லை.

புவனேஸ்வரி வரப்பிலிருந்து குதித்தாள். விழுந்தாள், எழுந்தாள், தாளடி உள்ளங்காலைக் கிழித்ததை உணரவே இல்லை. ஒருத்தன் குறுக்கே வந்தான், அவன் கையைக் கடித்துவிட்டுப் போனாள். நேராகப் போய் அந்தக் கல்லின் மேல், அன்புசெல்வனின் கையின் மேல், தன் உடம்பைப் போட்டாள்.

"எந்திரி புவனா," என்றான் லோகநாதன்.

"செங்குதிரைய எதுக்குணா திருப்பின?"

அவன் முகம் மாறியதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

"இன்னா ஒளர்ற? எந்திரி."

"கொடிச்சிப்பாயையும் திருப்பிட்ட. மூணு குதிர நின்னுக்கினு இருந்துது, நான் செத்துக் கெடந்தேன். ஏண்ணா என்ன அடிக்கல?"

துளசிராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாமே சீட்டுக் கத பேசிக்கினு கீற? நவுரு. ஆம்பளைங்க வேல இது."

"கணேசன் போனு இவங்கிட்ட இல்ல, துளசிண்ணா. எங்கண்ணன் கிட்ட கீது. இடுப்புல தடவிப் பாரு. தம்பிய வெட்டினது எங்கண்ணன்தான்."

மிதித்திருந்த கால்கள் தானாக நகர்ந்தன.

லோகநாதன் சத்தியம் பண்ணியிருக்கலாம். அவளைப் பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம், குப்பம் நம்பியிருக்கும். அவன் அழுகிற குரலில் சொன்னான். "பாடு போயிடும்டி. வேத்து ஊட்டுப் பொண்ண கட்டிக்கினா கூட்டத்துல நம்ம பாட்ட எடுத்துடுவாங்கடி. நைனா செத்தப்பறம் அந்தத் தண்ணிய வச்சுத்தான ஒன்ன படிக்க வச்சேன், அவன வளத்தேன்? சொன்னேன், கால்ல உழுந்தேன். சிரிக்கிறான்டி. சீட்டுல சிரிச்சாப்புல சிரிக்கிறான்."

"அதுக்கு வெட்டுவியா?"

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரின்றேன்ல."

அவள் அசையவில்லை. அண்ணன் தன்னை அடிக்க மாட்டான். அது அவளுக்குத் தன் பேர் தெரிகிற மாதிரித் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வந்து விழுந்தாள், அந்தத் தைரியத்தில்தான் கழுத்தைத் திருப்பி அவன் கண்ணைப் பார்த்தாள். வேலங்குப்பத்து லோகநாதன் இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் இருந்தான். ஆனால் அவன் தம்பியை வெட்டிய பிறகு வேறு ஆள் ஆகியிருந்தான், அந்த ஆளோடு அவள் பழகியதில்லை.

அவன் வெட்டினான்.

கத்தி அவள் இடது தோளில் இறங்கி எலும்பில் நின்றது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. புவனேஸ்வரி கத்தவில்லை. ஆச்சரியமாகத் தன் தோளைப் பார்த்தாள். பிறகுதான் ரத்தம் வந்தது, வந்தது வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு குப்பத்து ஆட்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துளசிராமன் துடுப்பால் லோகநாதனின் முட்டியில் அடித்தான், அது திரும்பின பக்கம் திரும்பக் கூடாத பக்கம். விழுந்தவனை எல்லோரும் சேர்ந்து மிதித்தார்கள். ஐந்து நிமிஷம் முன்னால் அன்புசெல்வனை மிதித்த அதே கால்கள்தான், அதே வெறிதான், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது. இடுப்பிலிருந்து கணேசனின் போன் நழுவிச் சேற்றில் விழுந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் மிதித்தார்கள். துளசிராமன் கத்தியைப் பொறுக்கிக்கொண்டான்.

"வோணாம்," என்றாள் புவனேஸ்வரி. குரல் எழும்பவில்லை. "வோணாம் துளசிண்ணா. போதும்."

அருணா துப்பட்டாவை உருவி அவள் தோளில் திணித்து அழுத்திக்கொண்டிருந்தாள். மடியில் அன்புசெல்வனின் தலை. அவனுக்கு மூச்சு இருந்தது. வாயிலிருந்து கொப்புளம் கொப்புளமாக ரத்தம் வந்தாலும் மூச்சு இருந்தது. "அண்ணா, இரு. ஆம்புலன்ஸு வருது. தூங்கிடாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புவனேஸ்வரியின் போன் அடித்தது. அம்மா அங்காளம்மாள், ஆஸ்பத்திரியிலிருந்து. எடுக்கக் கை வரவில்லை. அருணாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"புவனா, கணேசன் கண்ணு முழிச்சிட்டாம்மா. கொழாய எடுத்துட்டாங்க." அங்காளம்மாள் அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். "எந்நேரமும் அண்ணா அண்ணான்னே சொல்லிக்கினு கீறான். லோகு போன எடுக்க மாட்டேங்குறான். ஒன் பக்கத்துல கீறானா?"

லோகநாதன் குப்புறக் கிடந்தான், முதுகில் இரண்டு பேரின் முழங்கால்.

"கீறான்மா," என்றாள் புவனேஸ்வரி.

"அவங்கிட்ட குடு. புள்ள பேசணும்ன்றான்."

அருணா போனை நீட்டிப் பிடித்தாள். யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் வந்தது. பிறகு கணேசனின் குரல், காய்ந்து போய்.

"அண்ணா... வெட்டினது யாருன்னு நான் பாக்கல. சரியா? யாரு கேட்டாலும் அத்தத்தான் சொல்லுவேன். நீ... பயப்படாத. என் போன மட்டும் கழியில போட்டுடு."

லோகநாதன் சேற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு மாடு மாதிரி அலறினான். முதுகில் இருந்த முழங்கால்கள் எடுபட்டன.

அருணா அந்தக் குரலையே கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தவள். ஒரு வாரமாக அந்தக் குரல் வராதா என்று கோயில் கோயிலாகப் போனவள். வந்தது, அவள் பேரைச் சொல்லவில்லை. மடியில் அவள் அண்ணனின் பல் போன வாய் திறந்து கிடந்தது. அவள் போனை அணைத்தாள்.

வயல் ரோட்டில் போலீஸ் ஜீப் திரும்பியது. துளசிராமன் கையிலிருந்த கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"புவனா, இன்னா சொல்றது? தம்பியே பாக்கலன்றான்."

"அவ இன்னா சொல்றது?" என்றாள் அருணா. "நான் கீறேன் சொல்றதுக்கு."

புவனேஸ்வரி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கவா, சேர்ந்து எழவா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜீப் வரப்புக்கு வந்து நின்று, கதவு திறந்தது.